ரெண்டு பொம்மை, ஒரு கேக் போர்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை: வீட்டுல கிளாடியேட்டர் ஆட்டம் தொடங்குறது எப்படி

மினியேச்சர் வார்கேம், அதாவது சின்னப் பொம்மை வீரர்களை மேசையில நகத்தி ஆடுற போர் ஆட்டம், ஆடணும்னு ஆசைப்பட்டு எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "அங்கிள், எந்தப் படை வாங்கட்டும்?"னுதான். நான் சொல்றது எப்பவும் ஒண்ணுதான், படையே வாங்காதீங்க, ரெண்டே ரெண்டு ஆள் வாங்குங்க. தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல, சாட்ஸ்வர்த்துல ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நாப்பது வருஷத்துக்கு மேல இந்த ஆட்டத்தை ஆடிட்டு வர்றேன், நெப்போலியன் காலத்துப் படை வெச்சிருக்கேன், ஜூலு படை வெச்சிருக்கேன், ரோமன் படை வெச்சிருக்கேன், ஆனா ஒருத்தர் இதுல நிலைச்சு நிப்பாரா இல்ல பாதியில விட்டுடுவாரான்னு அவர் வாங்குற முதல் பெட்டியோட சைஸைப் பாத்தே சொல்லிடலாம். 200 ஆள் வாங்கி, 11 ஆளுக்குப் பெயின்ட் அடிச்சு, மீதி அலமாரிக்குள்ள அப்படியே கிடக்குற வீடு எத்தனையோ பாத்துட்டேன். ரெண்டு ஆள்னா ஒரு சனி ஞாயிறுல வேலை முடிஞ்சுடும், திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஆட உக்காரலாம்.

அதுக்குத்தான் கிளாடியேட்டர், பழைய ரோம்ல ஜனங்க பாக்க ஆயுதத்தோட மோதின சண்டைக்காரங்க. மலை வேண்டாம், காடு வேண்டாம், ஆறு வேண்டாம், மணல் மட்டும் போதும். சண்டைக் களத்துக்குச் சொல்ற அரீனாங்கிற வார்த்தையே லத்தீன்ல மணல்ங்கிறதுல இருந்து வந்ததுதான். இந்தச் சண்டை ஆரம்பிச்சதும் சின்னதாத்தான், கி.மு. 264-ல ரோம்ல ஒரு பெரிய மனுஷன் செத்துப்போயி அவரோட பசங்க கருமாதிக்காக மாட்டுச் சந்தையில மூணு ஜோடியை மோத விட்டாங்கன்னு ரோமானியர்களே எழுதி வெச்சிருக்காங்க. மூணு ஜோடி, ஆறு பேர். நீங்க ஒரு ஜோடியில ஆரம்பிங்க.

யாரை யாரோட மோத விடறது

இதை முதல்ல தெரிஞ்சுக்கிட்டாத்தான் சரியான பொம்மையை வாங்க முடியும். சும்மா ரெண்டு பேரைப் பிடிச்சு நிறுத்தினா அது தெருச் சண்டை. ரோம்ல ஜோடி பாத்துத்தான் விட்டாங்க, ஒருத்தனுக்கு எது பலமோ அதுவே எதிராளியோட ஆயுதத்துக்கு முன்னாடி பலவீனமா மாறணும், அந்தக் கணக்குலதான் சுவாரசியமே இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி ரெட்டியாரியஸும் செக்யூட்டரும். ரெட்டியாரியஸ் கையில வலை, திரிசூலம், ஒரு குத்துக்கத்தி, இடது தோள்ல ஒரு உலோகக் காப்பு, அவ்வளவுதான், கேடயமும் கிடையாது ஹெல்மெட்டும் கிடையாது. செக்யூட்டர்னா பெரிய கேடயம், குட்டை வாள், வழவழன்னு முட்டை மாதிரி ஒரு ஹெல்மெட். அந்த ஹெல்மெட்ல வலை மாட்டக்கூடாதுன்னுதான் உசந்த கொண்டையோ விளிம்போ இல்லாம செஞ்சாங்க, சூலம் உள்ள வரக்கூடாதுன்னு கண்ணுக்கு ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை. ஆனா அதே ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு முட்டும், பக்கத்துல என்ன நடக்குதுன்னு தெரியாது. அதனால வலைக்காரன் ஓடி ஓடி இவனைக் களைக்க வைக்கணும், இவன் சீக்கிரமா நெருங்கி முடிச்சுடணும். இந்த ஒரு ஜோடியை வெச்சு மட்டும் நான் நூறு தடவைக்கு மேல ஆடியிருப்பேன், இன்னும் அலுக்கல.

இன்னொரு ஜோடி முர்மில்லோவும் த்ரேக்ஸும். முர்மில்லோவுக்கு செக்யூட்டர் மாதிரியே பெரிய கேடயம், ஆனா ஹெல்மெட்ல உசந்த கொண்டையும் அகல விளிம்பும் இருக்கும், பேரே ஒரு மீன் பேருல இருந்து வந்தது. த்ரேக்ஸுக்கு சின்னச் சதுரக் கேடயமும், வளைஞ்ச கத்தியும். அந்த வளைவு எதுக்குன்னா கேடயத்தைச் சுத்தி உள்ள போயி முதுகையோ தோளையோ கிழிக்கிறதுக்கு. ஈட்டியும் சின்ன வட்டக் கேடயமும் வெச்ச ஹோப்லோமாக்கஸ் மூணாவதா வாங்க வேண்டியவன், அவனை முர்மில்லோவோட நிறுத்துங்க. மத்த வகையெல்லாம் பொறுமையா அப்புறம் பாக்கலாம்.

வாங்குறது, ஒட்டுறது

28 மி.மீ. அளவுல உலோக ஃபிகர் வாங்குங்க. 54 மி.மீ. பாக்க ரொம்ப அழகு, பெயின்ட் அடிக்கவும் சுகம், ஆனா அரீனா பெருசாயிடும், சாப்பாட்டு மேசையில வீட்டுக்காரங்க இடம் தரமாட்டாங்க. இன்னும் கொஞ்சம் சின்னதா 1/72 அளவுல வர்ற பிளாஸ்டிக் விலை குறைவு, ஒரே பெட்டியில நிறைய ஆள் வரும், ஆனா அந்த மெத்து பிளாஸ்டிக்ல பெயின்ட் உரிஞ்சு வரும், அதையே வாங்கினீங்கன்னா பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில நல்லாக் கழுவி, காயவெச்சு, பி.வி.ஏ.ங்கிற வெள்ளைப் பசையைத் தண்ணி கலந்து ஒரு கோட் அடிச்சுட்டு அப்புறம் பெயின்டுக்குப் போங்க. நம்ம ஊருக்கு வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறப்ப தபால் செலவு பொம்மை விலையைத் தாண்டிடும், அதனால நாலு பேர் சேந்து ஒரே பார்சலா ஆர்டர் பண்ணுங்க. எனக்கு ஒரு பார்சல் வந்து சேர நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசமும் நான் அரீனா கட்டிக்கிட்டிருந்தேன், அதனால கையில பொம்மை இல்லாட்டியும் வேலை தொடங்கலாம்.

பொம்மையைத் தேர்ந்தெடுக்குறப்ப ஒரு விஷயம் பாருங்க. நிறைய கம்பெனி வயித்துல சிக்ஸ் பேக் தெரியுற மாதிரி சினிமா ஹீரோ உடம்பைச் செதுக்கி விக்கிறாங்க. நிஜ ஆளுங்க பார்லியும் பயறும் நிறையத் தின்னவங்க, அவங்களை பார்லி தின்னிகள்னே கூப்பிட்டிருக்காங்க, துருக்கியில எபேசஸ்ல 1993-ல ஒரு கிளாடியேட்டர் கல்லறை கிடைச்சு அந்த எலும்பைச் சோதிச்சப்பவும் தானியமும் பயறும்தான் முக்கியச் சாப்பாடுன்னு தெரிஞ்சுது. எனக்கு கொஞ்சம் சதை போட்ட, தோள் கனத்த ஃபிகர்தான் உண்மையாத் தெரியுது, வயித்தைச் சுத்தி அகலமான பெல்ட்டும் கோவணமும் கட்டி நிக்கிறப்ப அதுக்கு ஒரு கம்பீரம் இருக்கு.

ஃபிகர்ல அச்சுக்கோடு இருக்கும், அதை நகம் தேய்க்கிற அரத்தால தேய்ச்சுடுங்க. பொம்மை நிக்கிற அடித்தட்டுக்கு, ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற எம்12 வாஷர், அது 24 மி.மீ. அகலம், கனமா இருக்கும், பொம்மை சாயாது, கீழ காந்தத் தகடு போட்ட டப்பாவுல வெச்சா ஆடாம அசையாம நிக்கும். சூப்பர் குளூவால ஒட்டி, மேல பி.வி.ஏ. தடவி மணல் தூவுங்க. நார்த் பீச் பக்கத்துலதானே இருக்குன்னு கடல் மணலை அள்ளாதீங்க, உப்பு உள்ள இருந்து வாஷரைத் துருப்பிடிக்க வெச்சு ஒரு வருஷத்துல செம்பழுப்பா கறை மேல வந்துடும். கட்டட மணலை டீ வடிகட்டியில சலிச்சுக் கழுவிக் காயவெச்சதே போதும்.

டர்பன் ஈரமும் பிரைமரும்

இதை மட்டும் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா வெளிநாட்டுக்காரங்க எழுதுற எந்த கைடுலயும் நம்ம ஊர் காத்தைப் பத்தி இருக்காது. ஒரு டிசம்பர் மாசம், கிறிஸ்மஸ் லீவுல, மழை விட்ட ஒரு சாயங்காலம் வெளியில வெச்சு 12 ஃபிகருக்கு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடிச்சேன், மூணு மாசமா ராத்திரி ராத்திரி உக்காந்து பெயின்ட் அடிச்ச ஃபிகருங்க. காலையில பாத்தா எல்லாம் விபூதி பூசின மாதிரி வெள்ளையா மூடியிருந்துச்சு. காத்துல ஈரம் அதிகமா இருந்தா ஸ்பிரே துளி காயறப்ப ஈரத்தையும் சேத்துப் பிடிச்சுக்கும், அதான் பனி படிஞ்ச மாதிரி ஆயிடுது. அதைச் சரிபண்ண மேல பிரஷ்ல ஒரு கோட் பளபள வார்னிஷ் அடிச்சா பெரும்பாலும் தெளிஞ்சுடும், காஞ்சப்புறம் பிரஷ்லயே மேட் அடிச்சுக்கலாம், என்னோடதுல ஒன்பது பிழைச்சுது.

அதுக்கப்புறம் நான் வெச்ச வழக்கம் இதுதான்: ஸ்பிரே வேலை எல்லாம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், இங்க குளிர்காலம் அப்பத்தான், அதுலயும் உள்நாட்டுப் பக்கம் இருந்து பெர்க் விண்ட் சூடா, காஞ்சு அடிக்கிற நாளா பாத்து மட்டும். கோடையில பிரைமர்னா, அதாவது பெயின்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சுன்னா, பாட்டில்ல வர்றதை வாங்கி வீட்டுக்குள்ள பிரஷ்லயே அடிச்சுடுவேன். துணி காயற நாள்ல ஸ்பிரே காயும், துணி காயாத நாள்ல அந்த டின்னைத் தொடாதீங்க.

தோல் நிறம்

கிளாடியேட்டருக்கு உடம்புல பாதிக்கு மேல வெறும் தோல்தான், அதனால தோலை நல்லா அடிச்சா பொம்மையே நல்லா இருக்கும். பெயின்ட் செட்ல "ஸ்கின்"னு எழுதி வர்றது வெளுத்த ரோஸ், அதை எல்லா ஆளுக்கும் அடிக்காதீங்க. கால்லியா (இன்னைக்கு பிரான்ஸ் பக்கம்), த்ரேஸ் (பல்கேரியா பக்கம்), சிரியா, வட ஆப்பிரிக்கான்னு சாம்ராஜ்யத்தோட எல்லா மூலையில இருந்தும் ஆளுங்க வந்தாங்க, மணல்ல நின்ன கூட்டம் பல நிறமாத்தான் இருந்திருக்கும். நான் பர்ன்ட் சியென்னாங்கிற செம்பழுப்புல கொஞ்சம் மஞ்சள் ஓக்கர் சேத்து நம்ம வீட்டு ஆளுங்க நிறத்துக்குக் கொண்டுவருவேன், கறுப்பான ஆளுக்கு பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பழுப்புல ஆரம்பிச்சு கொஞ்சம் சிவப்பு. அடி நிறம் காஞ்சதும் அதையே இன்னும் அடர்த்தியாக்கி, நிறையத் தண்ணியும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டு மேல ஓட விடுங்க, பள்ளத்துல எல்லாம் தானா நிழல் இறங்கிடும். அப்புறம் அடி நிறத்துல துளி வெள்ளை சேத்து தோள், முட்டி, முழங்கை, விரல் கணு, இங்க மட்டும் தொட்டு எடுங்க. அதிகமா தொட வேண்டாம். உலோகத்துக்குக் கறுப்பு அடிச்சு, பிரஷ்ல இருக்குற பெயின்டை டிஷ்யூவுல துடைச்சுட்டு வெண்கல நிறத்தை லேசா மேலாக்க இழுங்க.

முதல்ல ஹெல்மெட் போட்ட ஆளை அடிங்க, முகம் வரையற கஷ்டம் இல்லை. ரெட்டியாரியஸைக் கடைசியா வெச்சுக்குங்க, அவனுக்குத்தான் முகம் திறந்து கிடக்கு. அந்தத் திறந்த முகத்தால அவனுக்கு வந்த கேடும் உண்டு, கிளாடியஸ் சக்கரவர்த்தி, விழுந்தவன் சாகுறப்ப முகத்தைப் பாக்கணும்னே வலைக்காரங்களைக் கொல்லச் சொல்லுவார்னு ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியிருக்கார். அதைப் படிச்சதுல இருந்து நான் என் ரெட்டியாரியஸ் கண்ணைக் கொஞ்சம் நிதானமா, கவனமாத்தான் வரையறேன்.

வலைக்கு மெடிக்கல் கடையில கிடைக்கிற, காயத்துக்குக் கட்டுற காஸ் துணி போதும். ரெண்டு அங்குல வட்டமா வெட்டி, தண்ணி கலந்த பி.வி.ஏ.வுல முக்கி, பழுப்பு பெயின்ட் கலந்து, ஒரு பிளாஸ்டிக் கவர் மேல சுருக்கம் சுருக்கமா காயப்போடுங்க. ஓரத்துல சின்னச் சின்ன பசைச் சொட்டு விட்டு ஈயக்குண்டு மாதிரி காட்டுங்க. எங்க தாத்தா டர்பன்லயே ஃபின்லேண்ட்ஸ் பக்கம் மீன் வலை இழுத்தவர், ஓரத்துல பாரம் இல்லாத வலை வெறும் துணிம்பார். ரெண்டு வலை செய்யுங்க, ஒண்ணு கையில சுருண்டு இருக்கிறது, ஒண்ணு மணல்ல விரிஞ்சு கிடக்கிறது.

அரீனா

கேக் சாமான் விக்கிற கடையில 40 செ.மீ. வட்டமான கெட்டி போர்டு கிடைக்கும், கல்யாணக் கேக்குக்கு வைக்கிறது. அதுல பி.வி.ஏ. தடவி சலிச்ச மணலைக் கொட்டி, காஞ்சதும் தட்டிவிட்டு, வெளிர் மஞ்சள் பழுப்பு அடிங்க. சுத்தி நாலு செ.மீ. உயரத்துக்குக் கார்ட்போர்டு சுவர், ரெண்டு வாசல், அதுக்கு மேல சிவப்புக் கோடு. இதுக்கு மேல பார்வையாளர் கேலரி எல்லாம் கட்டணும்னு ஆசை வரும், கட்டுங்க, ஆனா ஒரு மாசம் ஆடினதுக்கு அப்புறம் கட்டுங்க. லோட்ஷெட்டிங் ராத்திரிகள்ல நாங்க குத்துவிளக்கை மேசையில ஏத்தி வெச்சு ஆடியிருக்கோம், அந்த வெளிச்சத்துல சுவரோட நிழல் மணல்ல விழுந்து ஆடுறதைப் பாத்தப்புறம் டியூப்லைட்டுக்குக் கீழ ஆடவே மனசு வரல.

விதிகள்: மூச்சுதான் எல்லாம்

1824-ல பழைய ஜெர்மன் ராஜ்ஜியமான பிரஷ்யாவோட ராணுவம் அதிகாரிகளுக்குப் பயிற்சி குடுக்க மேப் மேல கட்டையை நகத்தி, டைஸ் உருட்டி ஆடின காலத்துல இருந்து இந்த ஆட்டத்துல எல்லாரும் அடி எப்படி விழுதுன்னு நிறைய யோசிச்சிருக்காங்க. கிளாடியேட்டர் ஆட்டத்துக்கு அடியை விட முக்கியம் மூச்சு. கனமான கேடயத்தையும் ஹெல்மெட்டையும் சுமந்துக்கிட்டு வெயில்ல ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான், எப்ப முழு பலத்தையும் இறக்குவான், எப்ப சும்மா கேடயத்துக்குப் பின்னாடி நின்னு மூச்சு வாங்குவான், இந்த முடிவை ஆடுறவங்க கையில குடுத்துட்டா ஆட்டம் தானா உயிர் பெறும். நான் பல விதிப் புத்தகம் ஆடிப் பாத்துட்டு கடைசியில ஆயா சொல்லிக்குடுத்த ஒத்தையா ரெட்டையாவுக்குத்தான் திரும்பி வந்தேன்.

புளியங்கொட்டை எடுத்துக்குங்க, அதுதான் மூச்சு. முர்மில்லோ, செக்யூட்டர் ரெண்டு பேருக்கும் 8, ஹோப்லோமாக்கஸுக்கு 9, த்ரேக்ஸுக்கு 10, ரெட்டியாரியஸுக்கு 12. ஒவ்வொரு சுத்துலயும் நடக்கிறது 8 செ.மீ., ஓடணும்னா 16, ஓட ஒரு கொட்டை செலவு. ரெண்டு பொம்மையும் ஒட்டி நின்னா சண்டை. ரெண்டு பேரும் மேசைக்குக் கீழ கையை வெச்சு, பூஜ்யத்துல இருந்து மூணு கொட்டை வரைக்கும் எத்தனை வேணும்னாலும் மூடிக்குங்க, ஒரே நேரத்துல மேல கொண்டுவந்து திறங்க. அதிகம் காட்டினவர் அடிப்பார். காட்டின கொட்டை ரெண்டு பேருக்குமே போச்சு, கிண்ணத்துல போட்டுடணும்.

அடிக்கிறவர் காட்டின கொட்டையோட ஒண்ணு கூட்டி அத்தனை டைஸ் உருட்டுவார், 4, 5, 6 விழுந்தா அடி பட்டுச்சு. வாங்குறவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு டைஸ் உருட்டித் தடுக்கலாம்: பெரிய கேடயம்னா 4-ம் அதுக்கு மேலயும், சின்னக் கேடயம்னா 5-ம் 6-ம், ரெட்டியாரியஸுக்கு தோள்காப்பு மட்டும்தானே, 6 விழுந்தாத்தான் தப்பிப்பான். தடுக்காத ஒவ்வொரு அடிக்கும் ஒரு காயம், மூணு காயத்துல ஆள் விழுந்துடுவான். பூஜ்யம் காட்டினவர் கேடயத்துக்குள்ள ஒடுங்கி நிக்கிறார்னு அர்த்தம், அவர் தடுக்குறது ஒரு புள்ளி சுலபமாகும், ரெண்டு கொட்டை திரும்பக் கிடைக்கும். ரெண்டு பேரும் ஒரே எண்ணிக்கை காட்டினா கேடயம் கேடயத்தோட மோதுது, பெரிய கேடயக்காரர் எதிராளியை 4 செ.மீ. தள்ளிவிடுவார்.

இப்ப ஆளுக்கு ஆள் வித்தியாசம். த்ரேக்ஸோட வளைஞ்ச கத்திக்கு முன்னாடி பெரிய கேடயமும் 5, 6-லதான் தடுக்கும். செக்யூட்டர் ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு முட்டுறதால அவருக்கு ஒரு கொட்டைதான் திரும்பும், ரெண்டு கிடையாது, பின்பக்கம் இருந்து அடிச்சா தடுக்கவே முடியாது. ரெட்டியாரியஸ் சூலத்தால 4 செ.மீ. தள்ளி நின்னே குத்தலாம், அப்ப செக்யூட்டர் ஜெயிச்சா நெருங்கி ஒட்டுவார், ஆனா ஒரு டைஸ் குறைச்சுத்தான் அடிப்பார். வலை வீச ரெண்டு கொட்டை, 10 செ.மீ.க்குள்ள இருக்கணும், ஒரு டைஸ்ல 4 வந்தா விழுந்துச்சு, வழவழ ஹெல்மெட் போட்ட செக்யூட்டர்னா 5 வேணும். சிக்கினவர் பாதி டைஸ்தான் உருட்டலாம், மூணு கொட்டை செலவு பண்ணினா வலையைப் பிச்சுக்கிட்டு வெளிய வரலாம். தவறிப்போன வலை மணல்ல கிடக்கும், எடுக்கணும்னா அது மேல போயி ஒரு சுத்து நிக்கணும், அந்த நேரத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

என் பேத்திக்கு 12 வயசு, அவ எப்பவும் வலைக்காரன்தான் எடுப்பா. போன மாசம் நான் செக்யூட்டரோட ரெண்டு தடவை மூணு மூணு கொட்டை காட்டி விரட்டினேன், அவ சுவர் ஓரமாவே சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு ஒண்ணோ பூஜ்யமோதான் காட்டினா, ஒரு காயமும் வாங்கினா, முகத்துல ஒண்ணும் காட்டல. "தாத்தா, உங்க கிட்ட எத்தனை கொட்டை இருக்கு?"ன்னா. ஒண்ணுதான்னேன். "அப்ப சரி, இப்ப வீசறேன்"னா. வலை விழுந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மணல்ல நின்ன ஒருத்தன் எந்த நேரத்துக்குக் காத்திருப்பானோ அதே நேரத்துக்குக் காத்திருந்தா, யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்குடுக்கல.

விழுந்தவனைக் கொல்லாதீங்க

ஆட்டத்துல எனக்கு ரொம்ப முக்கியமான விதி இதுதான். மூணு காயம் பட்டவன் ஒரு விரலைத் தூக்குவான், நிஜத்துலயும் சரண்டருக்கு அதுதான் அடையாளம். கட்டை விரலை மேல காட்டினா உயிர் கீழ காட்டினா சாவுன்னு நாம நினைக்கிறதுக்கு ஆதாரம் உறுதியா இல்ல, விரல் எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு அறிஞர்கள் இன்னும் வாதாடுறாங்க, அதனால என் மேசையில டைஸ்தான் பேசும். ஆட்டத்துக்கு நடுவுல மூணு கொட்டை காட்டினா, ரெண்டு காயத்தோட நின்னு அடிச்சா, வலையை விழ வெச்சா, ஒவ்வொண்ணுக்கும் கூட்டத்தோட பாராட்டா ஒரு கூழாங்கல் எடுத்துக்குங்க. தொடர்ந்து ரெண்டு தடவை பூஜ்யம் காட்டினா ஒண்ணைத் திரும்பக் குடுக்கணும். விழுந்ததும் ரெண்டு டைஸ் உருட்டி கல்லைக் கூட்டுங்க, 7-ம் அதுக்கு மேலயும் வந்தா பிழைச்சான். ரெண்டு கல் கையில இருந்தா டைஸ்ல 5 வந்தாலே போதும், 36-ல 30 தடவை அது வந்துடும். ஜெயிச்சவர் தன் கல்லையும் குடுத்து எதிராளியைக் காப்பாத்தலாம்.

இது நான் இளகின மனசுல வெச்ச விதின்னு நினைக்காதீங்க. சிசிலியில ஃபிளாம்மாங்கிற செக்யூட்டரோட கல்லறைக் கல் கிடைச்சிருக்கு, சிரியாக்காரன், 30 வயசு வரைக்கும் வாழ்ந்தான், 34 தடவை சண்டை போட்டான், 21 வெற்றி, 9 சமம், 4 தடவை தோத்தும் உயிரோட விட்டாங்கன்னு அதுல வெட்டியிருக்கு. நாலு தோல்வி! முதல் தோல்வியிலயே கொன்னிருந்தா அந்தக் கல்லுல எழுத என்ன இருந்திருக்கும்? கி.பி. 80-ல கொலோசியம் திறந்தப்ப பிரிஸ்கஸ், வேரஸ்னு ரெண்டு பேர் ரொம்ப நேரம் சண்டை போட்டு, ரெண்டு பேரும் சேந்தே விரல் தூக்க, டைட்டஸ் சக்கரவர்த்தி ரெண்டு பேருக்குமே மரவாள் குடுத்து விடுதலை பண்ணினார். அதனால ரெண்டு பேருக்கும் கொட்டை தீந்து, காயமும் ஒண்ணா இருந்தா சமம்னு விட்டுடுங்க, ரெண்டு பேருக்கும் ஒரு கல் போனஸ்.

பணமும் இருக்கு. ரெண்டாம் நூற்றாண்டு சட்ட அறிஞர் கேயஸ் ஒரு உதாரணம் எழுதியிருக்கார், முழுசா திரும்பி வந்த ஆளுக்கு 20 தினாரியஸ் வாடகை, செத்தாலோ முடமானாலோ 1000 தினாரியஸ் விலை. ஐம்பது மடங்கு. இதை அப்படியே என் சீசன் ஆட்டத்துக்கு எடுத்துக்கிட்டேன். மூணு பேர் ஆடுங்க, ரெண்டு பேர் பயிற்சிப் பள்ளி முதலாளி, மூணாமவர் விழா நடத்துறவர், அவர் கையில சீசனுக்கு 2000 தினாரியஸ். ஒவ்வொரு சண்டைக்கும் ஆளுக்கு 20 குடுக்கணும். டைஸ் 7-க்குக் கீழ வந்து கூட்டம் சாவு கேட்டா அவர் 1000 எடுத்து வைக்கணும், இல்லாட்டி காசைக் காப்பாத்த ஆளை விட்டுடலாம், ஆனா அடுத்த ரெண்டு சண்டைக்கு யாருக்கும் கூழாங்கல் கிடைக்காது, கூட்டத்துக்குக் கோவம். இந்த ஒரு முடிவுக்காக எங்க வீட்டுல சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் பேசியிருக்காங்க.

ஒவ்வொரு முதலாளிக்கும் நாலு ஆள், ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம். பேர் வையுங்க, இது கட்டாயம். எங்க பள்ளியில கருப்பன், மாரி, சின்னத்தம்பி, இடும்பன். சண்டை, வெற்றி, சமம், தோத்துப் பிழைச்சது, நாலையும் ஃபிளாம்மா கல்லுல இருக்குற மாதிரியே குறிச்சு வையுங்க. மூணு சண்டை பிழைச்ச ஆளுக்கு ஒரு கொட்டை அதிகம், ஆறு பிழைச்சா ஒரு டைஸை மறுபடி உருட்டலாம், பத்துல மரவாள் குடுத்து ஓய்வு. இடும்பனுக்கு ஒன்பது ஆயிருக்கு, அடுத்த சண்டைக்கு அவனை இறக்க யாருக்கும் தைரியம் வரல.

அடுத்து எங்க போறது

எட்டுப் பத்து ஆள் சேந்தப்புறம் உங்களுக்குக் கை பழகியிருக்கும், அப்ப படையைப் பத்தி யோசிக்கலாம். பழங்காலப் போர்னா, சில ஆளுங்களை ஒட்டின தட்டு 12 வெச்சே ஒரு முழுப் படை ஆடுற விதிகள் இருக்கு, ரெண்டு அடி சதுர மேசை போதும். நம்ம குவாசுலு-நாட்டால்ல இருந்துக்கிட்டு 1879 ஜனவரி 22-ல ஜூலுக்கள் ஆங்கிலேயப் படையைத் தோற்கடிச்ச இசாண்ட்ல்வானாவை ஒரு தடவையாவது போய்ப் பாக்காம ஜூலு படைக்குப் பெயின்ட் அடிக்காதீங்க, அந்த மலையோட வடிவத்தை நேர்ல பாத்தவங்க கட்டுற மேசை தனியாத் தெரியும்.

நான் இப்ப செஞ்சுக்கிட்டிருக்கிறது ஸ்பியோன் கோப், ஆங்கிலேயரும் போயர்களும் மோதின போயர் போர்ல ஒரு மலைச் சண்டை. 1900 ஜனவரி. அந்தப் போர்ல காந்தி சேத்த இந்திய ஆம்புலன்ஸ் படை 1,100 பேர், அதுல 300 பேர் ஒப்பந்தத்துல கட்டுப்படாத சுதந்திர ஆளுங்க, மீதி எல்லாம் ஒப்பந்தக் கூலிகள், ஒரு நாள்ல 20, 25 மைல் ஸ்ட்ரெச்சர் தூக்கி நடந்திருக்காங்க. ஒப்பந்தத்துல வந்த நம்ம தமிழாளுங்க தோள்ல போன ஸ்ட்ரெச்சரை நான் எந்த மேசையிலயும் பாத்ததில்ல, என் மேசையில வைக்கணும். பொருத்தமான ஃபிகர் எனக்கு அகப்படல, அதனால சாதாரண ஜனங்க ஃபிகரை வாங்கி, கையை வெட்டித் திருப்பி, பிராட்லி பட்டிங்கிற, காஞ்சா இறுகுற ஒட்டுக்களிம்பைப் பிசைஞ்சு தோளும் கைப்பட்டையும் வெச்சுக் கட்டுறேன், ஸ்ட்ரெச்சருக்கு சொசாட்டி குச்சி (கறி குத்திச் சுடுற மூங்கில் குச்சி) ரெண்டு, நடுவுல பசையில முக்கின டிஷ்யூ. ஒரு அடித்தட்டுல நாலு ஆள், 60-க்கு 40 மி.மீ. கார்ட்போர்டு. விதி அதே புளியங்கொட்டைதான்: ஒரு அடித்தட்டுக்கு 8 கொட்டை, காயம்பட்டவனைத் தூக்கிக்கிட்டு 8 செ.மீ. நடக்க ஒரு கொட்டை, மேட்டுல இறங்குறப்ப ரெண்டு, கொட்டை தீந்தா கீழ வெச்சு ஒரு சுத்து நிக்கணும், வேற நாலு பேர் வந்து மாத்திக்கிட்டா உடனே கிளம்பலாம். மூணு அடித்தட்டு முடிஞ்சுது, நாலாவதுக்குக் கைப்பட்டை பட்டி இன்னும் காயல. அது இறுகினதும் பெர்க் விண்ட் அடிக்கிற ஒரு நாள் பாத்து நாலுக்கும் சேத்து பிரைமர் அடிக்கணும்.